பாகூர் ஏரித் தண்ணீரும் எங்கள் ஃபயர் வண்டியும்

தீயணைப்பு வேலையில் தீயைப் பார்க்கும் நேரம் கொஞ்சம். நனைந்த குழாயை வெயிலில் உலர்த்தி, சுருட்டி, மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டும் நேரம்தான் மிச்சமெல்லாம். ரயில்வே கேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள், பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்கள், கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்தவர்கள் எல்லாரும் என் கட்சி. "சும்மா உட்காந்துக்கினு சம்பளம் வாங்கறான்" என்று ஊரிடம் பேர் வாங்கி, கொஞ்சம் தாமதமானால் அதே ஊரிடம் திட்டும் வாங்கியவர்கள் நாம். உங்களுக்குத்தான் இதைச் சொன்னால் புரியும்.

எழுபதுகளில் நான் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், ஏரித் தண்ணீரை நம்பியிருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில் ஃபயர்மேன். ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு வண்டி, ஒரு மணி. ஆபீசர் சுந்தரேசன், காரைக்கால்காரர், சட்டம் தப்பாத மனுஷர். அவருக்கு அடுத்தது லீடிங் ஃபயர்மேன் சவரிநாதன். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தா, அதாவது சிப்பாய். அவசரம் வந்தால் அவர் வாயில் தமிழ் வராது, பிரெஞ்சுதான் வரும். டிரைவர் ஏழுமலை. என் கூடப் பயிற்சி முடித்த கோதண்டம். அப்புறம் நான், கலியமூர்த்தி. இன்னும் சிலர் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். நாங்கள் ஐந்து பேர் மட்டும் அங்கேயே கிடந்தோம்.

பெண் பார்த்த இடத்தில்

வேலை கிடைத்த கையோடு எனக்குக் குருவிநத்தத்தில் பெண் பார்த்தார்கள். ஆற்றோரம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். என் அப்பா "பையன் கவர்மென்ட் உத்தியோகம்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். எந்த இலாகா என்பதைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டார். கேசரி சாப்பிட்டு முடித்ததும் பெண்ணின் அப்பா என்னிடமே கேட்டார். சொன்னேன். கூடத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து உள்ளே போனார். பெண்ணிடம் எதையோ முணுமுணுக்கும் சத்தம் கேட்டது.

நெருப்பில் இறங்குகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் வேகமாக ஹெல்மெட், பெல்ட், பயிற்சி எல்லாவற்றையும் விளக்கினேன். எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பயம் அவருக்கு எள்ளளவும் இல்லை. அவருடைய கவலையே வேறு. "அதெல்லாம் சரி தம்பி. எங்க ஊர்ல கோடையில எப்பனா ஒரு வைக்கப்போரு பத்திக்கும். மத்த நாள்லல்லாம் இன்னா வேலை செய்வீங்க?"

குதிக்கிற பாடம்

பயிற்சி புதுச்சேரியில் நடந்தது. காலையில் ஓட்டம், பிறகு ஏணி, பிறகு குழாய். சுருட்டின குழாயைத் தரையில் உருட்டி விட்டால் அது நேராக ஓடிப் பிரிய வேண்டும். எங்களுடையது கோணிக்கொண்டு போய் இன்ஸ்ட்ரக்டர் காலைச் சுற்றும். மயங்கின ஆளைத் தோளில் போட்டு ஏணியில் இறக்கும் பாடத்துக்கு ஜோடி பிரித்தபோது எனக்கு வாய்த்தவன் கோதண்டம். கிருமாம்பாக்கத்துக்காரன். கபடி ஆடின உடம்பு. அவனை இறக்கின நாளிலிருந்து எனக்கு இடது தோள் கொஞ்சம் தணிந்தே இருக்கிறது.

கடைசியில் கித்தான் பாடம். மாடியிலிருந்து ஒருவன் குதிக்க வேண்டும். கீழே மற்றவர்கள் வட்டமாக நின்று, பெரிய கித்தானை இழுத்துப் பிடித்து அவனைத் தாங்க வேண்டும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகக் குதித்துவிட்டோம். கோதண்டம் மட்டும் கைப்பிடிச் சுவர் மேல் ஏறினான், குனிந்து பார்த்தான், இறங்கிப் போனான், மறுபடி வந்தான். கீழே நாங்கள் அவனுடைய எடையை மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பக்கத்தில் நின்றவன் உதட்டை அசைத்துச் சாமி கும்பிட்டான். பிறகு கோதண்டம் குதித்ததும், நாங்கள் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்ததும், அவன் மட்டும் பூப்போல எழுந்து நின்றதும் தனிக் கதை. அதற்கு முன்னால், "இன்னாடா, பயமா?" என்று இன்ஸ்ட்ரக்டர் கேட்டதற்கு அவன் மேலிருந்து நிதானமாகச் சொன்ன பதில்தான் எங்கள் பேட்ச் முழுக்கப் பிரசித்தம்: "குதிக்கறதுல பயமில்ல சார். கீழ புடிச்சிக்கினு இருக்கறவங்க மூஞ்சியப் பாத்தாதான் பயமா இருக்குது."

தள்ளு

எங்கள் வண்டி நகரத்தில் பல காலம் உழைத்துவிட்டு எங்களிடம் வந்தது. பம்ப் நல்ல பம்ப். மணியும் பித்தளை மணி. பாட்டரிதான் மனசு வைத்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் இல்லை. ஏழுமலை அதனால் வண்டியைச் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நிறுத்துவான். பிரேக்கை எடுத்தால் உருண்டு, உருண்ட வேகத்தில் கிளம்பிவிடும். மழையில் மண் இளகிவிட்டால் உருளாது. தள்ள வேண்டும். தள்ள ஆள் வேண்டும். ஒருவன் பயிற்சியில் இருப்பான், ஒருவனை நகரத்து ஸ்டேஷனுக்கு உதவிக்கு அனுப்பியிருப்பார்கள், தை பிறந்தால் ஒருவன் அறுப்புக்கு லீவு. மீதி ஆள் போதாது. எதிர்ப்புறம் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாமலை, நாங்கள் கூப்பிடாமலே கடையை விட்டு இறங்கி வருவார். கடைக்கு வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஒரு நாள் மத்தியானம் சோரியாங்குப்பத்தில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது என்று ஆள் வந்தது. தள்ளினோம். என்ஜின் பிடித்தது. பிடித்துக்கொண்ட என்ஜினை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது என்பது ஏழுமலையின் கொள்கை. ஓடுகிற வண்டியில் நாங்கள் ஒவ்வொருவராகத் தொற்றி ஏறினோம். கோதண்டம் திரும்பிப் பார்க்காமலே பின்னால் ஓடி வந்த கைகளையெல்லாம் பிடித்து இழுத்துப் போட்டான். பாதி வழியில்தான் தெரிந்தது, வண்டிக்குள் அண்ணாமலை உட்கார்ந்திருந்தார், காதில் பென்சிலோடு. ஆபீசர் அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உபரி ஹெல்மெட் ஒன்றை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தார். மூட்டை தூக்கின கை. எனக்குப் பின்னால் நின்று சாயங்காலம் வரை குழாயை அசையாமல் பிடித்தார். போரின் அடிப்பாதியைக் காப்பாற்றினோம். கரி பூசின முகத்தோடு அவரைக் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கியபோது, உள்ளே வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "வூட்ல அடுப்பு அணைஞ்சா பத்த வெக்கத் தெரியாது இவருக்கு. அணைக்கப் போனாராமே, நல்லாயிருக்குது."

கெண்டைக் குஞ்சு

வண்டியில் இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு ஏரியோ, குளமோ, வாய்க்காலோ எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் உறிஞ்சு குழாயை இறக்குவோம். சேறும் தழையும் போகாமல் இருக்க நுனியில் ஒரு சல்லடைக் கூடை இருக்கும். எங்கள் கூடை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால், புதுசு வரும் வரைக்கும் கோதண்டம் அதன் மேல் கோணிப்பை கட்டியிருந்தான்.

ஏரிக்கரையோரம் ஒரு மாட்டுக் கொட்டாய் பற்றிக்கொண்டது. நாங்கள் போவதற்குள் மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஏரியில் குழாயை இறக்கி அடித்தோம். கூரை பாதி எரிந்து அடங்கியது. அடங்கின பிறகுதான், கோணி எங்கேயோ கழன்று போயிருப்பது தெரிந்தது. கருகின ஓலை மேலும், தரையில் தேங்கின தண்ணீரிலும் விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. சுந்தரேசன் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வீட்டு அம்மாள் முதலில் கொட்டாயைப் பார்த்தார், பிறகு மாடுகளை எண்ணினார், பிறகு குனிந்து ஒன்றுவிடாமல் மீன்களை முந்தானையில் பொறுக்கினார். ஆபீசர் தயங்கித் தயங்கி வருத்தம் சொன்னதற்கு அவர் சொன்னது: "கூரைய மேஞ்சிக்கலாம் சார். மாட்டுக்கு ஒண்ணும் ஆவல, கொழம்புக்கும் ஆச்சி. இத்தினி நாளா ஏரிக்கு வலை போட்டவன்கூட எங்களுக்கு வூட்டாண்ட கொண்டாந்து குடுத்ததில்ல."

எல்லை

எங்கள் கொம்யூனின் எல்லை நேர்கோடாக இருக்காது. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. அடுத்த வரப்பில் அதுவே மாறியிருக்கும். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் நகரத்திலிருந்து உத்தரவு வாங்க வேண்டும் என்பது ஆபீசரின் கணக்கு. ஒரு பங்குனி மாதம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து விழுந்தார். கரும்புத் தோட்டம் எரிகிறது, காற்று குடிசைகள் பக்கம் திரும்பிவிட்டது, கடலூர் வண்டி வேறு எங்கேயோ போயிருக்கிறதாம். ஆபீசர் போனைச் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி சுழற்றினார். ஏரிக்கரை மேல் ஏறிப் பார்த்தால் புகை தெரிந்தது. அவர் புகையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், "எல்லை வரைக்கும் போய் நிப்போம்" என்றார்.

போனோம். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஏழுமலை வண்டியை நிறுத்தினான். அங்கிருந்து குழாயை ஒன்றோடு ஒன்று பூட்டி நீட்டினோம். வண்டி நம் மண்ணில், தண்ணீர் மட்டும் அவர்கள் மண்ணில் என்பது ஆபீசரின் யோசனை. இருந்த குழாய் எல்லாம் பூட்டியும் எட்டவில்லை. தோட்டத்தின் நடுவில் கரும்பு படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. குடிசைகளிலிருந்து பெண்கள் சாமானை வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தொட்டிலை அப்படியே சேலையோடு அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஆபீசர் அவளையே பார்த்தார். பிறகு ஏழுமலை பக்கம் திரும்பி, "வண்டிய உள்ள எடு" என்றார். அவ்வளவுதான். பம்ப்செட் தொட்டியில் குழாயை இறக்கி, குடிசைகளுக்கும் தோட்டத்துக்கும் நடுவே நின்று அடித்தோம். சவரிநாதன் "அலே, அலே" என்று பிரெஞ்சில் எங்களை முடுக்கிக் கத்திக்கொண்டே தொரட்டியால் முதல் குடிசையின் ஓலையை இழுத்துப் போட்டார். அந்த ஒன்று போயிற்று. மற்றவையெல்லாம் நின்றன.

எல்லாம் அடங்கினதும் ஆபீசர் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். என்ன எழுதுவது, யாருக்குப் பதில் சொல்வது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. தோட்டத்துக்காரப் பெரியவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதிக் கரும்பு போன மனுஷர். ஆபீசர் தன் சங்கடத்தை அவரிடமே சொன்னார். பெரியவர் காற்று அடித்த திசையைப் பார்த்துக்கொண்டே யோசித்து, பிறகு சொன்னார்: "நெருப்பு உங்க பாகூர் பக்கம்தான் சார் வந்துக்கினு இருந்துது. நீங்க எதிர்ல வந்து தடுத்தீங்க. நடந்தது அதுதான, அப்டியே எழுதிடுங்க."

கிணற்றில் இறங்கின நாள்

கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டால், டீசல் என்ஜினையே கிணற்றுக்குள் ஒரு மேடை கட்டி இறக்கிவிடுவார்கள். புகை மேலே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அதில் ஆள் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாமலே மயக்கம் போட்டுவிடும். குப்புசாமி என்கிற விவசாயி அப்படித்தான் என்ஜின் சத்தம் மாறுகிறதே என்று இறங்கி, மேடை மேலேயே சாய்ந்துவிட்டார். நாங்கள் போனபோது என்ஜின் தானாக நின்றிருந்தது. அவர் தம்பி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கப் போனார். சவரிநாதன் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்துப் போட்டார். தம்பி அவரை அடித்தார். அடியை வாங்கிக்கொண்டே சவரிநாதன் பிடியை விடவில்லை.

உள்ளே மூச்சு விட உதவுகிற கருவி நகரத்தில்தான் இருந்தது. அது வரும் வரை அவர் தாங்க மாட்டார். ஆபீசர் குழாயைத் திறந்து கிணற்றுக்குள் சாரலாகத் தண்ணீர் அடிக்கச் சொன்னார். கோதண்டம் வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக வீசினான், உள்ளே காற்று புரளட்டும் என்று. மூச்சு விடக் காற்று இருக்கிறதா என்று பார்க்க லாந்தரை ஏற்றி உள்ளே இறக்கினோம். முதல் தடவை அணைந்தது. மறுபடி சாரல், மறுபடி கிளை. அடுத்த தடவை சுடர் நடுங்கிக்கொண்டே நின்றது. ஒல்லியாக இருந்தவன் நான்தான். அந்தக் குருவிநத்தத்துப் பெண், என் மனைவி தனலட்சுமி, அப்போது முழுகாமல் இருந்தாள். ஈரத் துண்டை மூக்கில் கட்டினேன். முடிச்சு என் கைக்கு வரவில்லை, சவரிநாதன்தான் கட்டிவிட்டார். கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, "தூஸ்மான், தூஸ்மான்" என்று சொல்லிக்கொண்டே விட்டார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். கிணற்றுக்குள் எனக்குக் கேட்டது அந்தக் குரல் ஒன்றுதான். தலை கிறுகிறுத்தது. குப்புசாமியின் கை சில்லென்று இருந்தது. எப்படிக் கயிறு பூட்டினேன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பூட்டினேன். அவரை முதலில் இழுத்தார்கள், பிறகு என்னை.

மேலே வந்து வாந்தி எடுத்துவிட்டு நான் நிமிர்ந்தபோது, குப்புசாமியைக் குப்புறப் போட்டு ஆபீசர் முதுகில் அழுத்திக்கொண்டிருந்தார். குப்புசாமியின் சம்சாரம் மண்ணில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவர் இருமினார். அழுகையும் சிரிப்புமாக ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். தம்பி வந்து சவரிநாதன் காலில் விழப் போக, அவர் பின்னால் நகர்ந்து என் மேல் மோதினார். குப்புசாமி கண்ணைத் திறந்து எங்கள் காக்கிச் சட்டைகளைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார், கிணற்றுப் பக்கம் தலையைத் திருப்பினார். பிழைத்து வந்த மனுஷன் பேசின முதல் பேச்சு இது: "என்ஜின் நின்னுபோச்சா? கடைசிப் பாத்தி பாய்ஞ்சிதா இல்லியா?"

அடைகாத்த கோழி

பெண்ணையாறு பொங்கினால் எங்களுக்கு நெருப்பு வேலை இல்லை, தண்ணீர் வேலை. ஒரு ஐப்பசி மழையில் ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி ஒவ்வொருவராகக் கரைக்குக் கொண்டுவந்தோம். எல்லாரும் வந்துவிட்டார்கள், பச்சையம்மாள் என்கிற ஒரு அம்மாளைத் தவிர. அவர் வீட்டுக் கோழி அடையில் இருந்தது. கூடையை ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுவந்தால்தான் தானும் வருவேன் என்று கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. ஆபீசர் உத்தரவு போட்டுப் பார்த்தார், சவரிநாதன் கெஞ்சிப் பார்த்தார். கோதண்டம் வாதமே செய்யவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மார்பு வரைக்கும் ஓடுகிற தண்ணீரில், ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் கூடையையும் பிடித்து நடந்தான். கோழி அவன் நெற்றியில் கொத்திக்கொண்டே வந்தது.

பள்ளிக்கூடத்தில் தங்க வைத்த இடத்தில் கோழிக்கு இடமில்லை. அதனால் அது ஸ்டேஷனில், குழாய் அடுக்கும் அறையில் அடைகாத்தது. நாங்கள் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனோம். சுந்தரேசன் சார் தினமும் காலையில் வருகைப் பதிவு முடித்ததும் கூடையை எட்டிப் பார்ப்பார். குஞ்சு பொரிந்தது. தண்ணீர் வடிந்ததும் பச்சையம்மாள் கூடையை வாங்கிக்கொள்ள வந்தார். கோதண்டம் பெருமையாக எடுத்துக் கொடுத்தான். அவர் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், வெறும் ஓடுகளை எண்ணிப் பார்த்தார், குஞ்சு ஒன்று குறைந்தது, அப்புறம் அவனுடைய உடம்பை ஒரு தடவை பார்த்தார். ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது என்று நாங்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்தோம். அவர் நம்பினாரா என்பது இன்றுவரை தெரியாது. "பருந்துதான் தம்பி, நான் வேற ஒண்ணும் சொல்லல. ஆனா அது நல்லா வளர்ந்த பருந்தா இருக்கும்போல இருக்குது."

திட்டும் மோரும்

ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. வில்லியனூர்ப் பக்கம் ஒரு குடிசைப் பகுதி. சித்திரை வெயில். அந்தப் பக்கத்து வண்டி வேறொரு தீக்குப் போயிருந்ததால் எங்களைக் கூப்பிட்டார்கள். தூரம் அதிகம், வழியில் தேர்க் கூட்டம், வண்டி நகரவில்லை. போய்ச் சேர்ந்தபோது வரிசையாகக் கூரைகள் விழுந்து சுவர்கள் மட்டும் நின்றன. உயிர்ச்சேதம் இல்லை. அதைச் சொல்லி ஆறுதல்பட நம்மால்தான் முடியும், அங்கே நிற்கிறவர்களால் முடியாது. புகைகிற சாம்பலில் நாங்கள் தண்ணீர் அடித்தபோது ஒரு பெண் வந்து மண்ணை அள்ளி என் மேல் வீசினாள். அஞ்சலை என்று பேர். பெண் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த பாத்திரமும் புடவையும் எரிந்து போயிருந்தன. "அணைக்க வந்தீங்களா, சாம்பலக் கழுவ வந்தீங்களா?" என்று கேட்டாள். நாங்கள் சாம்பல் அடங்கும் வரை அடித்துவிட்டுக் குழாயைச் சுருட்டினோம். திரும்பி வரும்போது ஏழுமலை ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தான்.

அதற்கப்புறம் ஆபீசர் ஒரு காரியம் செய்தார். மேலே கேட்டு அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். முதல் வாரம் ஒருவரும் கிட்டே வரவில்லை. அஞ்சலை எதிரே நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். கோதண்டம் தானே ஒரு பழைய கொட்டகைக் கூரையைத் தொரட்டியால் இழுத்துக் காட்டி, அது அவன் தலை மேலேயே விழுந்த பிறகுதான் சிரித்துக்கொண்டு கூட்டம் சேர்ந்தது. குளத்திலிருந்து கை மாற்றிக் கை மாற்றி வாளி கொண்டுவருவது, எரிகிற வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கூரையை நனைப்பது, ஈரச் சாக்கால் அடிப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். மாதங்கள் போகப் போகப் பெண்கள் வரிசைதான் வேகமாக இருந்தது. அதற்குத் தலைவி அஞ்சலை.

அடுத்த கோடையில் அங்கிருந்து மறுபடி அழைப்பு. ஏழுமலை அன்றைக்கு ஓட்டின ஓட்டத்தில் சவரிநாதன் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தார். போய் இறங்கினால் புகை இல்லை. ஒரே ஒரு கூரை, அதிலும் பாதிதான் கருகியிருந்தது. பக்கத்துக் கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் நனைந்த சேலையைப் பிழிந்தபடி வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழாயைப் பிரித்த நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அஞ்சலை உள்ளே போய் ஒரு பெரிய சொம்பைக் கொண்டுவந்து, போன தடவை அவளிடம் மண்ணடி வாங்கின என்னிடமே முதலில் நீட்டினாள். "இப்பவும் லேட்டுதான். பரவால்ல, மோரு குடிச்சிட்டுப் போங்க."

இப்போது ரிட்டயராகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் எங்கள் தெருவில் யார் வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் முதல் குரல் என் பேரைச் சொல்லித்தான் வருகிறது, நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத்தான் ஓடுகிறேன்.